கூரை ஒழுகினால் கோயிலையே இடிப்பதா?

நேற்று ராத்திரி எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த புதுக்கோயில், வெள்ளை மார்பிள், கண்ணாடிக் கதவு, வாசல் முழுக்கக் கார் நிறுத்த இடம். கீழே ஒரே ஒரு வரி: "புரட்டாசி முடிந்ததும் பழைய கட்டடம் அகற்றப்படும், பக்தர்கள் ஒத்துழைக்கவும்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் மட்டும் "ஏன்?" என்று ஒரு வார்த்தை போட்டேன். அதிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது, எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டத்து லைன் வீடுகள் இருந்த இடத்தில் உள்ள சின்ன மாரியம்மன் கோயில் அது. பெயர் வேண்டாம், கமிட்டியில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்னால் தகரக் கொட்டகை. விமானத்தின் நாலு மூலையிலும் நாலு சிங்கம் உட்கார்ந்திருக்கும். செய்த கொத்தனார் ஆப்பிரிக்காவிலேயே இருந்தும் சிங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது, நாலும் மீசை முறுக்கிய பூனைகள். சின்ன வயதில் அம்மனை விட அந்தப் பூனைகளைப் பார்க்கத்தான் நான் என் பாட்டி, ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். வாரம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டுத் தன் அம்மா இந்தக் கோயிலுக்குச் செங்கல் சுமந்ததை ஆயா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் செங்கல் எண்ணிக்கை கூடும், அது வேறு விஷயம்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். கூலியில் மிச்சம் பிடித்துத்தான் இந்தக் கோயில்கள் எழுந்தன. மவுண்ட் எட்ஜ்கம்பில் கிஸ்தப்பா ரெட்டி 1898-இல் கட்டிய விநாயகர் கோயிலைப் போய்ப் பாருங்கள், கரும்புக் காட்டு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் ஊர் நினைவிலிருந்து விமானம் எழுப்பியிருக்கிறார் என்பது உங்களுக்கே புரியும். மாரியம்மன் திருவிழாவைப் பெரிய வெள்ளியில் வைத்ததும் எஸ்டேட்டில் அன்றைக்கு லீவு கிடைக்கும் என்பதால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லீவுக்கு ஏற்றபடி சாமியையே தேதி மாற்றிக்கொள்ளச் சொன்ன ஜனங்கள் நாம்.

உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டியதை வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சிய கதவுகளை யாரும் விறகாக்கவில்லை. 1947-இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இன்றைய கோயிலைக் கட்டியபோது அந்தப் பழைய கதவுகளையே வாசலில் வைத்தார்கள். அப்புறம் 1950-இல், யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனம் பார்த்துப் பிரிக்கும் நிறவெறி அரசாங்கத்தின் குழுப் பகுதிச் சட்டம் வந்தது, கேட்டோ மேனரில் இருந்த நம் ஆட்களைச் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தினார்கள், வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். கோயில் புதர்க்காட்டில் தனியாக நின்றது. அப்போதும் ஜனங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து வந்து தீ மிதித்துவிட்டுப் போனார்கள். கேப் டவுனில் பல இனத்தாரும் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி முழுவதையும் புல்டோசர் விட்டு அழித்தபோதுகூட மசூதிகளையும் சர்ச்சுகளையும் விட்டுவைத்தார்கள். அந்த அரசாங்கமே கை வைக்கத் தயங்கியதை நாம் நன்கொடை ரசீது போட்டு இடிக்கப் போகிறோம்!

சரி, எதிர்த்தரப்புப் பேச்சையும் மறைக்காமல் சொல்கிறேன். கமிட்டியில் இருக்கும் அண்ணன் ஒருவர் போனில் சொன்னார்: "தம்பி, நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வருகிறாய், ஆடிக் கூழுக்கு ஒன்று, பெரிய வெள்ளிக்கு ஒன்று. மழை பெய்தால் கர்ப்பக்கிரகத்தில் வாளி வைப்பது நாங்கள். வழுக்கி விழுந்த ஆன்ட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நாங்கள்." எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் ஒழுகுவது கூரைத் தகரம், சுவர் இல்லை. சுவர் பெயர்ந்து கொட்டுவதற்கும் காரணம் வயது இல்லை, நாம் செய்த வேலைதான். பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, ஒவ்வொரு திருவிழாவுக்கும் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். பூனைகளின் முகம் உரிந்தது அப்படித்தான். பெயின்டைச் சுரண்டி, சிமென்டை எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசினால் இன்னும் ரொம்ப காலம் நிற்கும்.

பழசானால் இடிக்கத்தான் வேண்டும் என்று நம் சாஸ்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. பாலாலயம் செய்து அம்மனைத் தற்காலிகமாக வேறு இடத்தில் எழுந்தருளச் செய்து, பழுது பார்த்து, கும்பாபிஷேகம் செய்து திரும்ப வைப்பதற்குத்தானே ஜீர்ணோத்தாரணம் என்று பெயர்? தமிழ்நாட்டில் ஆயிரம் வருஷக் கோயில்கள் அப்படித்தானே நிற்கின்றன? மண்டபம் வேண்டுமா, பக்கத்துக் காலி மனையில் கட்டுங்கள், நானும் பணம் தருகிறேன். மார்பிளும் அங்கே போடுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

இன்னொன்று, இதைப் படிக்கும் கமிட்டிக்காரர்கள் நிதானமாகப் படியுங்கள். இந்த நாட்டில் 60 வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது, மாற்றிக் கட்டவும் முடியாது. 1999-ஆம் வருஷத்து 25-ஆம் எண் சட்டம், 34-ஆம் பிரிவு. நம் மாகாணத்தில் அந்த அமைப்பின் பெயர் அமாஃபா, ஜூலுவில் அதற்கு முன்னோர் விட்டுப்போன சொத்து என்று அர்த்தம். அனுமதி கேட்டீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன். "கோயில் நம்முடையதுதானே, யாரிடம் கேட்க வேண்டும்?" என்றார். ஆயாவின் அம்மா இருந்திருந்தால் அவரிடமாவது கேட்டிருக்கலாம்.

விண்ணப்பம் போனால் ஆட்சேபணை எழுதுவேன், அதை ஒளித்து வைக்கவில்லை. யார் வீட்டிலாவது பழைய கல்யாண ஆல்பத்தில், திருவிழாப் படத்தில் பின்னால் இந்தக் கோயில் தெரிந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முந்தைய விமானம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

வாளி விஷயத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏணியோடு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எத்தனை தகரம் மாற்ற வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். "வா, ஆனால் ஏணியைப் பிடிக்க ஆள் நீயே கூட்டிக்கொண்டு வா" என்றார். யார் வருகிறீர்கள்?