பில் கேட்டால் கோபித்துக்கொள்ளும் கார் கன்சல்டிங்

கோவை அவினாசி ரோட்டிலோ ஈரோடு பெருந்துறை ரோட்டிலோ பழைய கார் விற்றுத் தரும் எந்தக் கார் கன்சல்டிங் கடையில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது இதுதான்: "நம்ம வண்டிங்ணா, ஒரே ஓனர், கண்ண மூடிட்டு எடுங்க." சரி, அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "தெரிஞ்சவங்க மூலமா வந்துட்டு நம்பிக்கை இல்லீங்களா?" என்று முகம் சுருங்கிவிடும்.

நம்ம பக்கம் வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் நடக்கும். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் நாலு லட்சம் வாங்கிக்கொண்டு பில் தராமல் இருப்பதை நம்பிக்கைக் கணக்கில் எழுத முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில்லோ ரசீதோ தராததையே முறையற்ற வணிகம் என்கிறது. நாளைக்குப் பிரச்சினை என்று போய் நின்றால் "நாங்க வெறும் புரோக்கருங்க" என்று நழுவ முடிவதும் தாள் இல்லாததால்தான்.

அதனால் டெலிவரி நோட்டில் கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், அடிபட்ட வண்டியா, தண்ணீரில் மூழ்கியதா எல்லாவற்றையும் எழுதி, கடை சீலோடு வாங்குங்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே நின்றது என்றும் கேளுங்கள். பணத்தை பேங்க் வழியாகக் கொடுங்கள். அந்த நோட்டின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி', அதாவது பிறகு குறை சொல்லக் கூடாது, என்று அச்சடித்திருப்பார்கள். மீட்டரைக் குறைத்துவிட்டுப் பொய் சொன்னவரை அந்த ஒரு வரி காப்பாற்றக் கூடாது என்பது என் கட்சி.

ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான என்ஓசியும், ஆர்சியில் அந்தப் பெயரை நீக்கக் கொடுக்கும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் ஃபைனான்ஸ் இருக்கிறதா என்று பார்க்க ரெண்டு நிமிடம் போதும். பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி உடனே பேர் மாற்றிவிடுங்கள். பழைய வண்டியை விற்பவர்களுக்கும் இது முக்கியம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கமிஷன் மிச்சம் என்று நேராக ஓனரிடமே வாங்குபவர்கள் உண்டு. அவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த வழக்கு நிற்பது கஷ்டம், சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். கடையில் வாங்கியிருந்தால் கதை வேறு. சென்னையில் எடுத்த வண்டிக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போடுங்கள். சில கடைக்காரர்கள் அதிலேயே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்துவிடுவார்கள்.