அனுப்பி வைத்த நோயாளி என்ன ஆனார்?

நம் கடலோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் நடுராத்திரியில் ஒரு நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. 108 வண்டி கிளம்பிவிடுகிறது. அந்த நோயாளி பிழைத்தாரா, அனுப்பியவர்கள் கணித்த நோய் சரிதானா, கொடுத்த ஊசி உதவியதா என்பதெல்லாம் அனுப்பிய மருத்துவருக்கும் செவிலியருக்கும் பிறகு தெரிய வருகிறதா? சொந்தக்காரர் யாராவது மீன் மார்க்கெட்டில் பார்த்துச் சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

இந்தப் பதிவில் நான் கேட்பது இதுதான். அனுப்பி வைத்த ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அனுப்பிய இடத்துக்குப் பதில் வர வேண்டும். அதை நடத்திக் காட்டும் பொறுப்பை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்க வேண்டும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பதினொன்றிலும் சேர்த்து 1450 இடங்கள். நம் மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதன் அருமை வெளியூர்க்காரர்களுக்கு முழுதாகப் புரியாது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் வந்தது. அப்போதிருந்து நம் பக்கத்தில் எது பெரிய நோயானாலும் மதுரைதான். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். பாம்பனில் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்படும் வரை தீவிலிருந்து வெளியேற ரயிலையும் படகையும் விட்டால் வேறு வழி கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு மருத்துவக் கல்லூரி வந்தபோது நாங்கள் பட்ட சந்தோஷம் நிஜமானது. இன்றும் அது குறையவில்லை.

ஆனால் கட்டிடமும் படுக்கைகளும் வந்த வேகத்தில், மருத்துவமனைகளுக்கு இடையே பேச்சுவார்த்தை வரவில்லை. கல்லூரி வந்தபின்னும் சிலரை மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது என் புகார் அல்ல. சில சிகிச்சைகளுக்கு மதுரைக்குப் போகத்தான் வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் நோயாளியைப் பற்றிய விவரம் தொலைந்து போகிறதே, அதுதான் என் புகார்.

எங்கள் தெருவில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு ஓரிரவு நெஞ்சு வலி வந்தது. முதலில் பார்த்த இடத்தில் இசிஜி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தாமதிக்காமல் அனுப்பினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: "என்ன மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு?" அண்ணனின் மனைவி, "சின்னதும் பெரியதுமாக ஒரு கை மாத்திரை கொடுத்தார்கள் ஐயா" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அனுப்பிய சீட்டில் 'நெஞ்சு வலி, மேல் சிகிச்சைக்கு' என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு கையெழுத்து. மாத்திரையின் பெயர் இல்லை, நேரம் இல்லை, திரும்பக் கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசி எண்ணும் இல்லை. இசிஜி தாள் மஞ்சள் பைக்குள் ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, ஒரு ஈரத் துண்டு எல்லாவற்றோடும் மடங்கிக் கிடந்தது. அது சூட்டில் அச்சாகும் வழவழப்பான தாள். ஈரமும் வெக்கையும் பட்டால் கோடு மங்கிவிடும். மருத்துவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு "மறுபடியும் எடுங்கள்" என்றார். முதல் இடத்தில் தெரிந்துகொண்டதையெல்லாம் இரண்டாம் இடத்தில் மறுபடி முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த நேரம் முழுவதும் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கடவுள் புண்ணியத்தில் இன்று நலமாக இருக்கிறார்.

அந்த 'ஒரு கை மாத்திரை' என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவுடனே கிராமத்துச் சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. உயிர் காக்கும் நல்ல திட்டம். ஆனால் கொடுத்த செய்தி நோயாளியோடு போய்ச் சேராவிட்டால், அடுத்த மருத்துவர் மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறுவார். மாரடைப்பில் இப்படி ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது. ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் செலுத்தி நீக்கும் மையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க முடியாது என்றால், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட முறை. தீவிலிருந்து கிளம்பும் வண்டிக்கு இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதை வண்டி ஏறும் முன்பே போட வேண்டுமென்றால், இரண்டு பக்கத்து மருத்துவர்களும் போனில் பேசியாக வேண்டும்.

ஏன் பேசிக்கொள்வதில்லை? மனிதர்கள் மோசமானவர்கள் என்பதால் அல்ல. நம் அரசு மருத்துவத்துக்கு மூன்று வாசல்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கீழ். ஒவ்வொன்றுக்கும் தனி மேலதிகாரி, தனி ஆய்வுக் கூட்டம், தனிப் பதிவேடு. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையைக் கல்லூரி மருத்துவமனையாக உயர்த்தும்போது அது ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறுகிறது. நோயாளிக்கு அதே வாசல், அதே வேப்பமரம். கோப்புகளுக்கு வேறு உலகம். பாம்பன் பக்கத்து மருத்துவ அலுவலரும் கல்லூரியின் உதவிப் பேராசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டாயம் அவர்களுடைய அன்றாட வேலையில் எங்கும் இல்லை.

தரத்தை அளக்கும் முறையிலும் இதே இடைவெளிதான். தேசியத் தர உறுதிச் சான்று இருக்கிறது; பிரசவ அறைக்கென்று 2017-ல் வந்த 'லக்‌ஷ்யா' இருக்கிறது. கை கழுவும் இடத்திலிருந்து மருந்து இருப்பு வரை பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அதனால் எத்தனையோ பிரசவ அறைகள் மாறியிருக்கின்றன, அந்தச் செவிலியர்களின் உழைப்புக்கு நன்றி. ஆனால் மதிப்பெண் எல்லாம் மதில் சுவருக்குள்ளேதான். ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் நடுவே இருக்கும் சாலைக்கு யார் மதிப்பெண் போடுவது?

இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் தமிழகம் ஏற்கெனவே ஒரு விஷயத்தில் செய்து காட்டியிருக்கிறது. பிரசவத்தில் தாய் இறந்தால் அந்தச் சாவு வெறும் பதிவாக முடிவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கவனித்த நாளிலிருந்து கடைசி மருத்துவமனை வரை, எந்த இடத்தில் எவ்வளவு தாமதம், ரத்தம் இருந்ததா, வண்டி எப்போது வந்தது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். மூன்று துறைக்காரர்களும் ஒரே அறையில் உட்காருகிறார்கள், மாவட்ட ஆட்சியர் வரை விசாரணை போகிறது. 2004-06 காலத்தில் தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கெடுப்பில் அது 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு. சிக்கலான பிரசவங்களைக் கவனிக்க இரவும் பகலும் இயங்கும் சீமாங் மையங்கள் உண்டு, 2008-ல் வந்த 108 உண்டு. ஆயினும் ஒவ்வொரு சாவையும் விடாமல் கேள்வி கேட்ட அந்த வழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த வழக்கத்தை மாரடைப்புக்கும், பக்கவாதத்துக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துக்கும், பாம்புக்கடிக்கும் கொண்டு வாருங்கள் என்பதே என் கோரிக்கை. ஆள் இறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பிழைத்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் போதும். தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று அனுப்பிய எல்லோரும் காணொளியில் வரட்டும், கல்லூரிப் பேராசிரியர்கள் எதிரே உட்காரட்டும். "நீங்கள் அனுப்பியவருக்கு இது இருந்தது, இந்த மருந்தைக் கொடுத்தது சரி, இதை இன்னும் சீக்கிரம் செய்திருக்கலாம்" என்று மரியாதையோடு பேசட்டும். திட்டுவதற்கான கூட்டமாக அது மாறிவிடக் கூடாது. மாறினால் அடுத்த வாரமே உண்மை விவரம் வருவது நின்றுவிடும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே அனுப்புச் சீட்டு வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யாரிடம் போனில் சொன்னோம், திரும்ப அழைக்க எந்த எண். அதன் அடியில் பதிலுக்கென்று ஒரு பகுதி. வீட்டுக்குப் போகும்போது நோயாளியின் கையில் தமிழில் நான்கு வரி: உங்களுக்கு வந்தது என்ன நோய், எந்த மாத்திரை எவ்வளவு நாள், எது வந்தால் உடனே வர வேண்டும். இங்கிலீஷில் அச்சடித்த டிஸ்சார்ஜ் தாளைத் தெருவில் படித்த பையன் யாராவது இருக்கிறானா என்று தேடிக்கொண்டு வயதான அம்மாக்கள் அலைவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதைச் சகித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

மருத்துவர்கள் ஏற்கெனவே வேலைப் பளுவில் திணறுகிறார்கள், இன்னொரு தாளா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புற நோயாளிப் பிரிவின் கூட்டத்தைப் பார்த்தவன் அதை மறுக்க மாட்டான். இங்கேதான் கல்லூரி என்ற ஒன்று கைகொடுக்கிறது. நான்கரை ஆண்டு படித்து முடித்த மாணவர்கள் ஓராண்டு பயிற்சி மருத்துவர்களாக வார்டில் இருக்கிறார்கள். பேராசிரியரின் மேற்பார்வையில் அந்தப் பதில் வரிகளை அவர்கள் எழுதட்டும். ஒரு நோயாளி எங்கிருந்து வந்தார், வழியில் என்ன நடந்தது, திரும்பிப் போகும் ஊரில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்து எழுதுவதைவிட நல்ல பாடம் எது? இப்படி எழுதிப் பழகியவர் நாளை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், அவர் அனுப்பும் சீட்டில் நேரமும் மருந்தும் கட்டாயம் இருக்கும்.

படிப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இரண்டும் சம்பிரதாயத்துக்கு நடந்தால் கையெழுத்தோடு போய்விடும். மனது வைத்து நடத்தினால் இந்தக் கடலோரம் ஒரு பெரிய பள்ளிக்கூடம். காலில் தட்டுக் கட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கடலுக்குள் பாசி எடுக்கும் பெண்களின் கையையும் கண்ணையும் முதுகையும் எந்த மாணவர் பார்த்திருக்கிறார்? வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி யார் தொடர்ந்து குறித்து வைக்கிறார்கள்? திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூடான நீரில் காலை வைத்திருந்தால் வலி தணியும் என்பது எங்கள் மீனவர்களில் பலருக்குத் தெரியும். மருத்துவமும் அதையே சொல்கிறது. ஆனால் முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவமனையின் வேலை. அதை விட்டால் புண் சீழ் பிடித்து மாதக்கணக்கில் தொழில் போகும்.

கடல் பாம்பு இன்னொரு விஷயம். 2024-ல் தமிழகம் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது, நல்ல முடிவு. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்பின் விஷத்துக்கு அது தயாரிக்கப்படவில்லை. அப்படியானால் வலையில் கை விட்டுக் கடி வாங்கிய மீனவரின் மூச்சையும் சிறுநீரகத்தையும் கவனித்துக் காப்பாற்றுவதே வழி. அதற்கு எங்கே அனுப்ப வேண்டும் என்று தொண்டியில் இருப்பவருக்கும் மூக்கையூரில் இருப்பவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தியா முழுவதற்கும் இதைக் கற்றுக் கொடுக்கும் தகுதி நம் கல்லூரிக்கு வர முடியும். சென்னையில் இருக்கும் கல்லூரியைவிட நமக்குத்தான் அந்த நோயாளிகள் வருகிறார்கள்.

தனியார் மருத்துவமனைகளையும் இதில் சேர்க்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்களும் இருக்கிறார்கள். பதில் எழுதி அனுப்புவதைத் திட்டத்தின் நிபந்தனையாக்கினால் முடிந்தது.

ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இந்த மாவட்டம் மிகக் கொடிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து 28 பேர் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகு அதே ஏர்வாடியில், தர்காவுக்குப் பிரார்த்தனைக்கு வருகிறவர்களைத் துரத்தாமல், துவா என்ற அந்தப் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து கிடைக்கும்படி மனநல சிகிச்சை கொண்டு வரப்பட்டது. தர்காவின் நம்பிக்கையும் மனநல மருத்துவமும் ஒரே இடத்தில் கைகோக்க முடிந்த மாவட்டத்தில், மூன்று அரசு இயக்குநரகங்கள் ஒரு மேசையில் உட்கார முடியாதா?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தபின் மாத்திரை கொள்முதலுக்கு மாநிலம் முழுவதும் ஓர் ஒழுங்கு வந்தது. எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்று கணினியில் தெரிகிறது. அதைச் சாதித்த நிர்வாகத்துக்கு, அனுப்பிய நோயாளி எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியம் அல்ல.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். கேட்கப் போவது மூன்று: மாவட்டம் முழுவதும் ஒரே அனுப்புச் சீட்டு, கல்லூரியிலிருந்து எழுத்தில் பதில், நோயாளிக்குத் தமிழில் விவரம். தீர்மான வாசகத்தைக் கீழே முதல் பின்னூட்டத்தில் போட்டிருக்கிறேன். பாம்பன், தொண்டி, சாயல்குடி பக்கத்துச் சொந்தங்கள் எடுத்து உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், 108-ல் வேலை பார்க்கும் தம்பிகள் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சீட்டில் இன்னும் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு முன் சேர்த்துவிடுகிறேன்.