ஃப்ளமிங்கோஸ் பாடியதும் கவர்தான் ஐயா!

முந்தாநாள் இணையத்தில் ஒருவர் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், என் கமெண்ட் இப்போது அங்கே இல்லை. “டூ-வாப் பாட்டுக்கு வந்த கவர் எல்லாம் எச்சில் இலை, ஒரிஜினல் மட்டும்தான் சாப்பாடு” என்று அந்தப் பதிவில் ஒரு வரி. அதற்குக் கீழே ஹார்ட்டின் மழை. (டூ-வாப் என்பது 1950களில் பிரபலமான அமெரிக்கக் குழுப்பாட்டு வகை. கவர் என்பது ஏற்கெனவே வந்த பாட்டை இன்னொருவர் மறுபடி பாடுவது.)

சரி, பதிவு போட்டவர் காட்டிய மூன்று ‘ஒரிஜினல்’ எவை? ஃப்ளமிங்கோஸ் குழு 1959ல் பாடிய ‘ஐ ஒன்லி ஹாவ் ஐஸ் ஃபார் யூ’, மார்செல்ஸ் 1961ல் பாடிய ‘ப்ளூ மூன்’, பிளாட்டர்ஸின் ‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’. மூன்றுமே கவர்! முதலாவது ஹாரி வாரனும் ஆல் டூபினும் ‘டேம்ஸ்’ படத்துக்காக எழுதியது, 1934. இரண்டாவது ரிச்சர்ட் ராஜர்ஸ், லொரென்ஸ் ஹார்ட் கூட்டணி, அதுவும் 1934. மூன்றாவது ஜெரோம் கெர்ன் மெட்டு, ‘ராபர்ட்டா’ என்ற மேடை நாடகத்துக்கு, 1933. இதைத்தான் எழுதினேன், மரியாதையாகத்தான் எழுதினேன். “விக்கிப்பீடியா மேதாவி” என்று பதில் வந்தது. மேதாவிக்கு நன்றி.

இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கிற பாட்டை எடுத்து, நாலைந்து பேர் தெருமுனையில் நின்று குரலாலேயே பிரித்துக் கட்டுகிற வேலையில் வளர்ந்ததுதான் டூ-வாப். வாத்தியம் வாங்கக் காசு கிடையாது, பேஸ் (அடிக்குரல்) வாத்தியத்தின் வேலையை ஒருவன் தொண்டை பார்த்துக்கொள்ளும். இந்த வகையில் வந்த கவரைக் கேட்டுவிட்டு “ஒரிஜினல் மாதிரி இல்லையே” என்பவர் ஃப்ளமிங்கோஸையும் அதே கேள்வி கேட்க வேண்டும். அவர்கள் பாடியதும் 1934 மாதிரி இல்லை. அந்த “டூ-பாப் ஷ-பாப்” பழைய பாட்டில் எங்கேயாவது இருக்கிறதா? மார்செல்ஸ் தொடக்கத்தில் பேஸ் குரல் உருட்டுகிற “பாம்ப-ப-பாம்ப” ராஜர்ஸ் எழுதிய தாளில் இருக்கிறதா? மெதுவாக நடந்துகொண்டிருந்த காதல் பாட்டை அவர்கள் ஓட விட்டார்கள். நாம் இன்றைக்கும் முணுமுணுப்பது அந்த உருட்டலைத்தான்.

ஒரு கவர் தேறுமா என்று பார்க்க லீட் குரலை, அதாவது முன்னால் நின்று வார்த்தை பாடுபவரை, மறந்துவிட்டுப் பின்குரல்களை மட்டும் கேளுங்கள். இந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் C, A மைனர், F, G என்ற ஒரே கார்ட் (சுரக்கூட்டு) வரிசையில்தான் சுற்றும், அது ஊர்ப் பொதுக்கிணறு. பாட்டுக்கு முகம் கொடுப்பது பின்னால் வருகிற அசைகளும் தாளமும். மெதுவான பாட்டு என்றால் தாளம் பெரும்பாலும் 12/8, நம் கணக்கில் நாலு அடியும் திஸ்ர நடை (அடிக்கு மூன்று). டிரம்மர் இதை நேர் எட்டாக (அடிக்கு இரண்டாக) அடித்தால் ஊஞ்சல் நின்றுபோய் அணிவகுப்பு ஆகிவிடும். கல்யாண ரிசப்ஷனில் பாடுகிற குழுக்கள் சறுக்குகிற முதல் இடம் இது.

இரண்டாவது சறுக்கல் ஸ்ருதி. C-யில் பாடினால் பேஸ் பாடகர் கீழே F வரை இறங்க வேண்டும், அங்கேதான் நெஞ்சு அதிரும். லீடுக்கு வசதி என்று E ஃப்ளாட்டுக்கு ஏற்றினால் பேஸ் பாடகர் A ஃப்ளாட்டோடு நின்றுவிடுவார். பேஸ் போய் பாரிடோன் (நடுக்குரல்) ஆகிவிடும், பாட்டுக்குத் தரை இல்லாமல் போகும். ஆகவே பேஸ் பாடகரை வைத்து ஸ்ருதியை முடிவு பண்ணிவிட்டு லீடைத் தேடுங்கள். அப்புறம் உயிரெழுத்து. லீட் வார்த்தை பாடும்போது பின்னால் ‘ஊ’, அவர் மூச்சு விடும் இடைவெளியில் ‘ஆ’ அல்லது ‘வா’. மூன்று பேரும் அடியில் ‘ஆ’ என்று திறந்தால் வரி முங்கிவிடும். எக்கோவை அள்ளிக் கொட்டினால் ‘ப’, ‘ட’ எல்லாம் கரைந்து, அசை வெறும் முனகலாகிவிடும்.

இந்தச் சோதனையில் என் பட்டியலில் முதலில் நிற்பது பாடகி லாரா நைரோ, லபெல் குழுவோடு 1971ல் செய்த ‘கானா டேக் எ மிராக்கிள்’ ஆல்பம். ஷிரெல்ஸ் குழுவின் ‘ஐ மெட் ஹிம் ஆன் எ சண்டே’யை வெறும் குரலில் ஆரம்பிப்பார்கள், வாத்தியங்கள் பிறகுதான் உள்ளே வரும். அந்த நுழைவுக்காகவே கேட்கலாம். அடுத்தது, ஜோனி மிட்செல் பர்சுவேஷன்ஸ் குழுவைப் பின்னால் நிறுத்தி மேடையில் பாடிய ‘ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’, 1980 ஆல்பத்தில் இருக்கிறது. ஜாக்சன் பிரவுன் 1977ல் பாடிய ‘ஸ்டே’யில், பழைய பாட்டில் காதலியிடம் கெஞ்சிய வரிகள் கச்சேரி பார்க்க வந்த கூட்டத்திடம் கெஞ்சுவதாக மாறின, டேவிட் லிண்ட்லியின் கள்ளக்குரல் சிரிக்கவும் வைக்கும். பாய்ஸ் டூ மென் 1992ல் பாடிய ‘இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்’ வழவழப்பு கொஞ்சம் அதிகம்தான். ஃபைவ் சாட்டின்ஸ் 1956ல் நியூ ஹேவன் தேவாலயத்தின் அடித்தளத்தில் பதிவு செய்த ஈரம் அதில் இல்லை. ஆனால் அந்த “ஷூ-டூ-ஷூபி-டூ”வைக் கட்டிக் காப்பாற்றினார்கள், அதற்கே என் ஓட்டு. கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடிய ‘சின்ஸ் ஐ டோன்ட் ஹாவ் யூ’வைப் பற்றிக் கேட்காதீர்கள்.

“அப்படியென்றால் கறுப்பினக் குழுக்களின் பாட்டை வெள்ளைக்காரக் குழுக்கள் நகலெடுத்ததும் சரியா?” இப்படித்தான் கேட்பார்கள் என்று தெரியும். சரியில்லை, எங்கேயும் சரி என்று சொல்லவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸிலிருந்து வந்த கார்ட்ஸ் குழு பாடிய ‘ஷ-பூம்’ விற்றுக்கொண்டிருக்கும்போதே, அதே 1954ல், டொரொன்டோவின் க்ரூ கட்ஸ் அதைச் சுத்தபத்தமாக்கிப் பாடி முதலிடம் பிடித்தார்கள். ‘லிட்டில் டார்லின்’ கதையும் அதேதான், கிளாடியோலாஸ் பாடியதை டயமண்ட்ஸ் தாண்டிப் போனார்கள், 1957. அவை சந்தைக்குச் செய்த நகல். அன்றைக்கு இருந்த 1909 அமெரிக்கச் சட்டப்படி கவர் பிரதி ஒன்றுக்கு 2 சென்ட், அதுவும் பாட்டின் உரிமை யாரிடமோ அவருக்கு. அசையைக் கண்டுபிடித்த பேஸ் பாடகருக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஒலிப்பதிவுக்கே அமெரிக்காவில் கூட்டரசு பதிப்புரிமை (காப்பிரைட்) வந்தது 1972ல்தான்.

ஆக, கோபப்பட வேண்டிய இடம் பாட்டை மறுபடி பாடியதில் இல்லை, எழுதியவர் என்று இசைத்தட்டுச் சீட்டில் யார் பெயர் போட்டார்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பேச அங்கே யாருக்காவது மனசு வந்ததா? ‘ஒய் டூ ஃபூல்ஸ்’ வெளியானபோது, 1956, அதை முதலில் பாடிய ஃப்ராங்கி லைமனுக்கு 13 வயது. 25 வயதில் ஹெராயின் அவனைக் கொண்டுபோனது. உரிமைப் பதிவில் அவனோடு இருந்தது தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் பெயர், பிறகு இசைத்தட்டு நிறுவன முதலாளி மோரிஸ் லெவி பெயர். 1981ல் டயானா ராஸ் கவர் பாடி அது ஹிட்டான பிறகு, லைமனின் மனைவி நான்தான், உரிமைப் பணம் எனக்குத்தான் என்று மூன்று பெண்கள் நீதிமன்றத்தில் மோதினார்கள். குழுவில் கூடவே பாடிய ஹெர்மன் சாந்தியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் எழுதியவர்களில் தாங்களும் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 1992ல் ஜூரி ஒப்புக்கொண்டது. 1996ல் மேல்முறையீட்டில் தள்ளுபடி. அவர்கள் எழுதவில்லை என்பதற்காக அல்ல, மூன்று வருடக் கெடுவுக்குள் வழக்குப் போடவில்லை என்பதற்காக.

அந்தப் பதிவில் இந்தப் பாட்டுக்கு நேரே “எழுதியவர்: லைமன், லெவி” என்று இருந்தது. சாந்தியாகோ, மெர்ச்சன்ட் பெயர்களைச் சேர்க்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினேன். முதலில் நீக்கியது அதைத்தான்.