கார் ஏசி விட்டுவிட்டுக் குளிர்ந்தால் கேஸ் தீர்ந்துவிட்டதா?

"ஏசி விட்டுவிட்டுக் குளிர்ந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது, வருடந்தோறும் நிரப்புங்கள்" என்ற செய்தி கம்பம், கூடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஏசியைக் குளிரவைக்கும் இந்த கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண்செலவு. அளவு மிஞ்சினாலும் அழுத்தம் ஏறி, அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். சரியான அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும்.

குளிர் எப்போது போகிறது என்பதுதான் முக்கியம். செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது மட்டும் போனால் கண்டன்சர் ஃபேனையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும் விசிறி) அதன் ரிலேயையும் (அதை இயக்கும் மின் சுவிட்ச்) பாருங்கள். அரைமணி ஓடியபின் காற்றே குறைந்தால் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். ஏசியை அணைத்து புளோயரை மட்டும் கால்மணி ஓடவிடுங்கள். காற்று திரும்பினால் ஐஸ்தான். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர், காயிலின் குளிரை அளக்கும் சென்சார் இரண்டையும் சோதிக்க வேண்டும். குமுளி மலையேற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல கார்களில் கம்ப்ரசர் சில நொடிகள் தானே நிற்கும். அது பழுதே அல்ல.

கேஸ் போடச் சொன்னால், முதலில் கேஜ் (அழுத்தம் அளக்கும் கருவி) மாட்டி, அழுத்தம் அதிகமான பக்கம், குறைவான பக்கம் என இரு பக்க அழுத்தத்தையும் காட்டச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.