மொகிங்காவில் தேங்காய்ப்பாலா? வேண்டாம் சாமி

நேற்று ராத்திரி வீட்டில் மொகிங்கா. ஸ்டேட்டஸில் படம் போட்ட அஞ்சாவது நிமிஷமே "அத்தோதானே இது?" என்று நாலு பேர். இல்லைங்க. பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் நூடுல்ஸோடு முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்களே, அது அத்தோ. இது மீன் குழம்பில் மிதக்கிற அரிசி நூடுல்ஸ், பர்மாக்காரர்களுக்குக் காலைப் பலகாரம். பர்மாவில் 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்த குடும்பங்களில் எங்கள் ஆயாவுடையதும் ஒன்று. அவங்க மாதிரி ஆட்களோடு வந்த சாப்பாடுதான் இரண்டும். அத்தோ தெருவுக்குப் போய்ப் பேர் வாங்கிக்கொண்டது, இது பெரும்பாலும் வீட்டு அடுப்போடு நின்றுவிட்டது.

இப்போது யூட்யூபில் மொகிங்கா என்று போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் அது கவ்ஸ்வே, வேறு சாப்பாடு, அதுவும் நல்லாத்தான் இருக்கும். மொகிங்காவுக்குக் கெட்டித்தன்மை கடலைமாவிலிருந்து வர வேண்டும். மாவை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, ஆறவிட்டு, பச்சைத்தண்ணியில் கரைத்து ஊற்றணும். அவசரத்தில் கொதிக்கிற குழம்பில் அப்படியே தூவினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் கரண்டியால் நசுக்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

மீன் கெளுத்தி அல்லது விரால். ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறதே என்று மத்தி வாங்கிப் போட்டேன், அன்றைக்கு வீடே தட்டில் பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விராலில் அந்த முள் தொல்லை இல்லை. மஞ்சள்தூளும் நசுக்கிய எலுமிச்சைப்புல்லும் போட்டு வேகவைத்தால் சதை தானாகவே கழன்று வந்துவிடும். அதை உதிர்த்து, வெங்காயம் இஞ்சி பூண்டு மிளகாய்த்தூளோடு எண்ணெய் பிரிகிற வரை வதக்கி, வேகவைத்த தண்ணியை வடிகட்டி ஊற்றி, மாவுக்கரைசலும் சேர்த்துச் சின்னத் தீயில் விட்டுவிடணும். அப்புறம் குழம்பில் சேர்க்க வாழைத்தண்டு. வட்டமாக நறுக்க நறுக்க நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு உப்புத்தண்ணியில் போடுங்கள், மோரில் போடாதீர்கள், மீனோடு மோர் வாடை சேரவே சேராது.

குழம்பில் ஊற்ற மீன் சாஸ் கிடைக்கவில்லையா, சரி, நாலு நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணியை ஊற்றுங்கள். ஆயா அப்படித்தான் செய்வாங்க. சோயா சாஸ் மட்டும் வேண்டாம்.

நூடுல்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மசாலா பாக்கெட்டோடு வருகிற மைதா நூடுல்ஸைப் போட்டால் குழம்பு அதில் ஒட்டவே ஒட்டாது. மெல்லிசான அரிசி நூடுல்ஸ்தான் சரி. இடியாப்பமும் பரவாயில்லை, ஆனால் ஊறுவதற்குள் சாப்பிட்டுவிடணும், இல்லையென்றால் கூழ்.

மேலே பாதி முட்டை, எலுமிச்சம்பழம், கொத்தமல்லி, வறுத்த மிளகாய்த்தூள். வழக்கமாகப் போடுகிற, எண்ணெயில் பொரித்த பட்டாணி வடைக்குப் பதில் டீக்கடை மசால்வடையை உடைத்துப் போட்டேன். பாதி மொறுமொறு, பாதி ஊறினது. பையன் மூன்று வடையை அப்படியே காலி செய்துவிட்டு, "மீன் இருக்கா இதில?" என்று கேட்டான்.

மிச்சக் குழம்பு இன்று காலையில் களி மாதிரி இறுகிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றிச் சுடவைத்து, பர்மாக்காரர்கள் சாப்பிடுகிற நேரத்துக்கே நாங்களும் சாப்பிட்டு முடித்தோம்.