பேருக்கு ஒரு கையெழுத்து

எங்க ஊர்ப் பக்கம் பெண்களை ஆச்சின்னு மரியாதையாச் சொல்வோம். அப்படி ஒரு ஆச்சி, கொழுந்தனார் வாடகைக்கு எடுத்த வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க. அவர் ஏழு மாச வாடகை பாக்கி வச்சதுக்கு, வீட்டுக்காரரோட வக்கீல் நோட்டீஸ் இவங்களுக்கு வந்திருக்கு. அதை வச்சு ரெண்டு நாளா நடக்கிற பஞ்சாயத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். "படிச்சவங்கதானே, வாசிக்காமலா கையெழுத்துப் போட்டாங்க?"ன்னு கேட்கிற மேதாவிகளுக்காக மட்டும் இது.

வாடகைப் பத்திரத்துல கையெழுத்து ஒரே விதம் இல்லைங்க, மூணு விதம். 'சாட்சி'ன்னு இருக்கிற இடத்துல போட்டா வாடகைப் பாக்கி உங்களைத் தொடாது. 'ஜாமீன்தாரர்'னா, 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், குடியிருக்கிறவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு. ஆச்சி மாட்டினது மூணாவதுல. முதல் பக்கத்துல கொழுந்தனார் பேருக்குக் கீழேயே இவங்க பேரும், 'வாடகைதாரர்கள்'னு. உள்ளே ஒரு வரி: 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறோம்.' அந்த வீட்டுல ஒரு ராத்திரி தூங்கினதில்லை. அதே சட்டத்தோட 43ஆம் பிரிவுக்கு அது தேவையுமில்லை. முழுப் பாக்கியையும் ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்கலாம். யார்கிட்ட கேட்பாங்க? போனை எடுக்கிறவங்ககிட்ட.

"பாதிதானே கட்டணும்?" இல்லை. வீட்டுக்காரருக்கு முழுசு. கொழுந்தனார் பங்கை அப்புறம் அவர்கிட்ட வசூல் பண்ணிக்கறது ஆச்சி பாடு, அதுக்குத் தனி வழக்கு.

"பதினோரு மாசப் பத்திரம், எப்பவோ முடிஞ்சு போச்சே?" முடியலை. ஆள் காலி பண்ணாம இருந்து, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கிட்டே இருந்தா, மாசாமாசம் நீளும். சாவி கைமாறற வரைக்கும் கணக்கு ஓடும்.

"முன்னாடியே விலகியிருக்கலாமே?" இது நியாயமான கேள்விதான். ஜாமீன்தாரரா இருந்தா, இனிமேல் வரப்போற வாடகைக்கு நான் பொறுப்பில்லைன்னு எழுத்துல நோட்டீஸ் கொடுத்து விலக 130ஆம் பிரிவுல சில சமயம் வழி கிடைக்கலாம். பத்திரத்துல அதுக்கு மாறா எழுதியிருக்கான்னு மட்டும் பார்க்கணும். கூட்டு வாடகைதாரருக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்காரர் சம்மதிச்சு, பேரை எடுத்து, புதுப் பத்திரம் போடணும். வாட்ஸப்புல 'நான் இதுல இல்லை'ன்னு அனுப்பினா போதாது.

வீட்டுக்காரர் ஏழு மாசம் வாயைத் திறக்காம இருந்தது அழகில்லை. ரெண்டாவது மாசமே ஒரு போன் போட்டிருக்கலாம். சரி, விடுங்க.

"சொந்தத்துக்குள்ள பேப்பர் பேசலாமா?"ன்னு ஒருத்தர். இதைக் காரைக்குடியில உட்கார்ந்துக்கிட்டுக் கேட்கிறாரு! கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கற ஊரு இது. மொய்யை நோட்டுல ஏத்தி வச்சுக்கிறோம். பர்மாவுல வட்டிக்கடை நடத்தினப்ப ஐந்தொகைன்னு வரவு, கடன் கணக்கெல்லாம் எழுதி ஊருக்கு அனுப்பிச்ச கூட்டம். அப்பல்லாம் கணக்கு, மருமகள்கிட்ட 'பேருக்கு ஒரு கையெழுத்து' வாங்கும்போது மட்டும் அது பாசம். பத்திரத்தை ஒருமுறை வாசிச்சுப் பார்க்கிறேன்னு சொல்லியிருந்தா, 'அண்ணி நம்பலை'ன்னு சொந்தக்காரங்க சேர்ந்து இருக்கிற வளவு முழுக்கச் சுத்தியிருக்கும். பாக்கி வச்சவர் இன்னைக்கும் விசேஷத்துல முதல் பந்தியில உட்கார்றாரு. முகத்தை மறைச்சுக்கிட்டுப் பின்கட்டு வழியாப் போறது ஆச்சி. இதுல நியாயம் எங்கேன்னு நீங்களே தேடுங்க, எனக்குத் தட்டுப்படலை.

ஆச்சி இதைப் படிச்சா: நோட்டீசைப் பீரோவுல வைக்காதீங்க. அதுல சொன்ன கெடுவுக்குள்ள வக்கீல் மூலமா பதில் போகட்டும். 12,000 வீதம் 7 மாசம், 84,000ன்னு மொத்தமாக் கேட்டிருக்காங்க. 36,000 அட்வான்ஸைக் கழிக்கவே இல்லை. கழிச்சா 48,000. எந்தெந்த மாசம், எவ்வளவு வந்தது, வாடகை ரசீது நகல், எல்லாத்தையும் கேளுங்க. அதோட, வீடு இன்னும் காலியாகலைன்னா முதல்ல அதைப் பாருங்க. கொழுந்தனார் அங்கே இருக்கிற ஒவ்வொரு மாசமும் இன்னொரு 12,000 உங்க பேர்ல ஏறுது.