யூரியா வீசும் முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

பள்ளிப்பட்டுப் பக்கம், நகரிப் பக்கம் மானாவாரிக் கடலை போடும் சொந்தங்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கொல்லையில் 40 நாள் கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கினேன். இலையெல்லாம் கரும்பச்சை. வேரிலோ முடிச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உரக்கடையில் சொன்னார்கள் என்று இரண்டு முறை யூரியா வீசியிருந்தோம். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா கொல்லை, அங்கே யூரியா போடவில்லை. அந்த வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைப் பார்த்ததும் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு புரதம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. தொழிற்சாலையில் அதை உடைக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரிய அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா சாதாரண மண் சூட்டிலேயே அதை அம்மோனியாவாக மாற்றிவிடுகிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா உயிரோடு இருக்கவோ ஆக்சிஜன் வேண்டும். அதை அளந்து கொடுப்பதுதான் அந்தச் சிவப்புப் புரதம். உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டது.

பாக்டீரியா சும்மா வேலை செய்வதில்லை, கூலியாகச் செடி தன் சர்க்கரையைக் கொடுக்கிறது. யூரியா போட்டு மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் எதற்குக் கொடுக்கும்? முடிச்சு விடுவதையே குறைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் கொஞ்சம் தழைச்சத்து சரி. பூக்கும்போது வீசுவது காசைக் கொடுத்து வேலைக்காரனை நிறுத்துவது போலத்தான்.

அடுத்த பட்டத்துக்கு ரைசோபியம் நுண்ணுயிர் உரம் வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கப் போகிறோம். ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் போதும். பூஞ்சாண மருந்து கலந்த விதை என்றால் ஒரு நாள் விட்டுப் புரட்ட வேண்டும்.

அப்புறம் கடலைக்கொடி. நாம் செடியை வேரோடு பிடுங்குகிறோம். பாக்டீரியா சேர்த்ததில் பெரும்பங்கு காயிலும் கொடியிலும் போய்விடுகிறது. கொடியை வண்டியோடு விற்றுவிட்டு, 'கடலை போட்ட மண்ணுக்குச் சத்து வரும்' என்று சொன்னால் எப்படி வரும்? கொடி மாட்டுக்குப் போய், சாணம் கொல்லைக்குத் திரும்பினால்தான் உண்டு. அந்தச் சாணத்தில் இருப்பதையும் வேறு பாக்டீரியாக்கள்தான் அம்மோனியமாக்கி, நைட்ரேட்டாக்கி அடுத்த பயிருக்குக் கொடுக்கின்றன.

இந்த வருஷம் கொடி விற்பனைக்கு இல்லை என்று வியாபாரியிடம் அப்பாவே சொல்லி அனுப்பிவிட்டார்.